சிக்னல் கிடைக்காத ஏற்காட்டுப் பாதைகளில் கைப்பேசி வரைபடம்: தயாரிப்பு முதல் திருத்தம் வரை

ஏற்காட்டிற்குப் போகிற வழியில் யாரும் தொலைந்து போவதில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் என்று சாலையே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குழப்பம் தொடங்குவது ஏரியைத் தாண்டிய பிறகுதான். லூப் ரோட்டிலிருந்தும் நாகலூர்ச் சாலையிலிருந்தும் காப்பித் தோட்டங்களுக்குள் பிரிகிற மண்சாலைகளில் எது ஊருக்குப் போகிறது, எது ஓர் எஸ்டேட்டின் கேட்டில் முடிகிறது என்பது வெளியாளுக்குத் தெரியாது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் டவர் கிடைப்பதில்லை; வழக்கமான வரைபடச் செயலியில் வெற்றுப் பச்சை நிறம் மட்டும் தெரியும்.

இணையம் இல்லாமலேயே இயங்கும் வரைபடத்தைக் கைப்பேசியில் அமைப்பது, நடந்த பாதையைப் பதிவு செய்வது, வரைபடத்தில் விடுபட்ட பாதையை நாமே சேர்ப்பது ஆகிய மூன்றையும் இங்கே வரிசையாக விளக்குகிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். செயலியை நிறுவுவது, கோப்பைக் கணினிக்கு அனுப்புவது போன்றவை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ்சும் இயங்காது என்று பலர் நினைக்கிறார்கள். கைப்பேசியில் இருப்பது வெறும் ஜிபிஎஸ் வாங்கி (ரிசீவர்); ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிப்புகளை அது கேட்டுக் கணக்கிடுகிறதே தவிர, தன் பங்கிற்கு எதையும் அனுப்புவதில்லை. அதற்கு சிம் அட்டையே தேவையில்லை. டவர் கட்டாயம் தேவைப்படுவது வரைபடப் படங்களை இறக்குவதற்கு மட்டுமே, அவற்றை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தத் தேவையும் நீங்கிவிடும்.

வரைபடத்தை வீட்டிலேயே இறக்குங்கள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கி, இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் கட்டற்ற வரைபடம். அதன் தரவை எடுத்துக்கொண்டு இயங்கும் செயலிகள் பல உள்ளன. அவற்றுள் இரண்டை மட்டும் பரிந்துரைக்கிறேன்.

வழி பார்ப்பதற்கு ஆர்கானிக் மேப்ஸ். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, பழைய கைப்பேசியிலும் தடையின்றி ஓடும். திறந்ததும் இந்தியா, பிறகு தமிழ்நாடு என்று தேர்ந்து இறக்கிக்கொண்டால் போதும். சேலமும் சேர்வராயன் மலையும் அதிலேயே அடங்கிவிடும். பாதையைப் பதிவு செய்வதற்கு ஓஸ்மாண்ட். இதன் அமைப்புப் பக்கங்களைப் பார்த்தால் புதியவர்களுக்குத் தலை சுற்றும், ஆனால் பதிவின் ஒவ்வொரு கூறையும் நம் விருப்பப்படி மாற்றலாம் என்பதால் அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம். பிளே ஸ்டோரில் கிடைக்கும் இலவசப் பதிப்பில் இத்தனை வரைபடங்களைத்தான் இறக்கலாம் என்ற வரம்பு உண்டு. எஃப்-ட்ராய்டு என்ற கட்டற்ற செயலிகளின் தளம் வழியாக நிறுவினால் அந்த வரம்பு இல்லை. இரண்டிற்கும் சேர்த்துச் சேமிப்பகத்தில் ஒரு ஜி.பி. வரை இடம் விட்டு வையுங்கள்.

கூகுள் மேப்ஸிலும் ஒரு பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். காரில் தார்ச்சாலையை விட்டு இறங்காதவர்களுக்கு அது போதும். இணையம் இல்லாத நிலையில் அது நடைவழி காட்டாது, தோட்டப் பாதைகளும் அதில் அரிதாகவே இருக்கும். நடப்பவர்களுக்கு அதனால் பயனில்லை என்பது என் கருத்து.

இறக்கியாயிற்று என்று நம்பிக் கிளம்பாமல், வீட்டிலேயே விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு, ஏற்காடு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி வந்தால் வரைபடம் தயார்.

அடிவாரத்திலேயே ஜிபிஎஸ்சை எழுப்புங்கள்

ஜிபிஎஸ் வாங்கி தன் இடத்தைக் கணக்கிட, ஒவ்வொரு செயற்கைக்கோளும் அப்போது எங்கே இருக்கிறது என்ற துல்லியமான விவரம் வேண்டும். அதைச் செயற்கைக்கோளே 30 விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொதுவான அட்டவணை முழுவதும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். டேட்டா இருக்கும் இடத்தில் கைப்பேசி இவற்றை இணையத்திலிருந்து நொடியில் வாங்கிக்கொள்கிறது. டேட்டா இல்லாத சரிவில், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் முதன்முறையாக இருப்பிடத்தை இயக்கினால், மெல்லிய அலைகளைக் கொண்டு எல்லாவற்றையும் அதுவே கேட்டுத் திரட்ட வேண்டியிருப்பதால் நம் இருப்பிடத்தைக் காட்டும் நீலப்புள்ளி நெடுநேரம் வராது. கைப்பேசி பழுது என்று பலர் முடிவு செய்வது இந்த இடத்தில்தான்.

எனவே அடிவாரத்தில், திறந்த வானத்தின் கீழ், டேட்டா இருக்கும்போதே செயலியைத் திறந்து புள்ளி நிலைகொள்ளும்வரை காத்திருங்கள். அப்போது கிடைத்த விவரம் சுமார் நான்கு மணி நேரத்திற்குச் செல்லும். குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுபவர்கள் அயோத்தியாப்பட்டணத்திலேயே இதைச் செய்துவிடலாம். எத்தனை செயற்கைக்கோள்கள் பிடிபடுகின்றன என்று பார்க்க விரும்பினால் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற கட்டற்ற செயலி இருக்கிறது; அமெரிக்க ஜிபிஎஸ்சுடன் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, உங்கள் கைப்பேசி ஏற்குமானால் நம் இஸ்ரோவின் நாவிக் ஆகியவற்றையும் அதில் காணலாம்.

திறந்த வெளியில் கைப்பேசியின் பிழை சுமார் ஐந்து மீட்டர். கொண்டை ஊசி வளைவில் ஏறு சாலையும் அதற்குக் கீழே வந்த சாலையும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பதால், பாறைச் சுவரில் மோதித் திரும்பும் அலைகளால் பிழை கொஞ்சம் கூடினாலும் புள்ளி மேல்சாலையிலிருந்து கீழ்சாலைக்குத் தாவிவிடும், குரல்வழிகாட்டியும் திரும்பச் சொல்லிக் குழப்பும். மலைப்பாதையில் அந்தக் குரலை அணைத்துவிடுவதே நல்லது.

பதிவு: எல்லோரும் இடறும் படி

ஓஸ்மாண்டில் செருகுநிரல்கள் (பிளக்-இன்) பகுதிக்குச் சென்று பயணப் பதிவை இயக்கினால், திரையில் பதிவுப் பொத்தான் வந்துவிடும். பதிவு இடைவெளியை நடைக்கு 3 முதல் 5 விநாடி என்று வையுங்கள். இதுவரை எளிது.

பொத்தானை அழுத்தி, திரையை அணைத்து, கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, பதிவைத் திறந்து பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். புறப்பட்ட இடத்தில் கொஞ்ச தூரம் பாதை வளைந்து நெளிந்து சரியாக இருக்கும். அதற்குப் பிறகு பள்ளம், ஓடை, தோட்டம் எல்லாவற்றையும் ஊடுருவி, கைப்பேசியை மறுபடி வெளியே எடுத்த இடம் வரை ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல ஒரே நேர்கோடு. எனக்கும் கிள்ளியூர் அருவிப் பாதையில் இதே நேர்கோடுதான் கிடைத்தது. ஜிபிஎஸ்சின் குறை என்று தோன்றும். உண்மையில் மின்கலத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, திரை அணைந்த சில நிமிடங்களில் கைப்பேசியின் மென்பொருள் செயலியை உறங்க வைத்துவிட்டது.

இதைச் சரிசெய்ய மூன்று இடங்களில் மாற்றம் தேவை. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது. அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்து, ஓஸ்மாண்டைத் தேர்ந்து, பேட்டரி என்ற பகுதியில் கட்டுப்பாடற்றது என்பதைத் தெரிவு செய்யுங்கள். அடுத்து, அதே பக்கத்தில் அனுமதிகளுக்குள் சென்று, துல்லியமான இருப்பிடம் இயங்குகிறதா என்றும், அறிவிப்பு காட்டும் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு ஓடும்போது மேலே நிலையாக ஓர் அறிவிப்பு நின்றால்தான் ஆண்ட்ராய்டு அந்தச் செயலியை மதிக்கும். மூன்றாவதாக, பேட்டரி சேமிப்புப் பயன்முறையை முற்றிலும் அணையுங்கள். பல கைப்பேசிகள் திரை அணைந்ததும் இருப்பிடத்தை நிறுத்திவிடுவது அந்தப் பயன்முறையால்தான். இவை போக, சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் தானியங்கித் தொடக்கம், உறங்கும் செயலிகள் என்ற பெயர்களில் தனிப் பட்டியல்கள் ஒளிந்திருக்கும். அவற்றையும் தேடி, ஓஸ்மாண்டை அங்கிருந்து விடுவிக்க வேண்டும். 'டோன்ட் கில் மை ஆப்' என்ற இணையதளம் எந்த நிறுவனக் கைப்பேசியில் அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று படிப்படியாகச் சொல்கிறது.

மாற்றிய பிறகு மலையில் சோதிக்காதீர்கள். உங்கள் தெருவையே திரையை அணைத்தபடி இருபது நிமிடம் சுற்றி வந்து பதிவைப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் கோடு திரும்பியிருந்தால் அமைப்பு சரி. கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது, ஏனெனில் சில சமயம் எல்லாம் பழைய நிலைக்கே போய்விடும்.

விடுபட்ட பாதையைச் சேர்த்தல்

வரைபடத்தில் பாதை இல்லையே என்று குறைப்படுவதைவிடச் சேர்ப்பது எளிது. பதிவை, தடங்களைச் சேமிக்கும் வகையான ஜிபிஎக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, ஏற்காட்டுப் பகுதியைப் பெரிதாக்கி, 'தொகு' என்பதை அழுத்தினால் ஐடி என்ற தொகுப்பி உலாவியிலேயே திறக்கும். கோப்பை இழுத்து அதன்மீது போட்டால் நீங்கள் நடந்த தடம் கோடாகத் தெரியும். ஜே.ஓ.எஸ்.எம். என்ற மென்பொருள் இதைவிட ஆற்றல் மிக்கது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முதல் ஆண்டில் அதன் பக்கம் போக வேண்டாம்.

தடத்தின்மேல் அப்படியே கோடு வரைந்துவிடக் கூடாது. பின்னணியில் தெரியும் செயற்கைக்கோள் படத்தையும் தடத்தையும் ஒப்பிட வேண்டும். சமவெளியில் இரண்டும் பொருந்தும். மலைச்சரிவில் படத்தைத் தட்டையாக்கும்போது ஏற்படும் பிழையால் படம் முழுவதுமே பல மீட்டர் நகர்ந்திருக்கக்கூடும். ஏற்காட்டுப் பிரதான சாலை போன்று பலருடைய தடங்கள் பதிவான சாலை ஒன்றைப் பிடித்து, படம் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்த்து, பின்னணி அமைப்பில் அந்த அளவிற்குப் படத்தை நகர்த்திக்கொண்டு, அதன் பிறகு வரையுங்கள். மரநிழலில் பாதையே தெரியாத இடங்களில் உங்கள் தடம்தான் சான்று. போகும்போதும் வரும்போதும் பதிவு செய்திருந்தால் இரண்டு தடங்களின் நடுவே கோட்டை இழுக்கலாம். கூகுள் மேப்ஸைப் பார்த்து எதையும் படியெடுக்கக் கூடாது. அது பதிப்புரிமையால் படியெடுக்கத் தடை உள்ள தரவு. அப்படிச் சேர்த்தவை கண்டுபிடிக்கப்பட்டால் நீக்கப்படும்.

வரைந்த கோட்டிற்கு வகை கொடுக்கும்போது, ஜீப் போகும் தோட்டச் சாலையை 'டிராக்' என்றும், கால்நடையாக மட்டும் போகக்கூடியதை 'பாத்' என்றும் குறியுங்கள். மிக முக்கியமானது அணுகல் என்ற புலம். எஸ்டேட்டிற்குச் சொந்தமான சாலையென்றால் 'பிரைவேட்' என்று குறித்தாக வேண்டும். குறிக்காமல் விட்டால் வழிகாட்டும் செயலிகள் அதைப் பொதுச்சாலை என்றே கொள்ளும். விடுமுறை நாளில் சுற்றுலா வண்டிகள் காப்பிக் களத்திற்குள் போய் நிற்கும், கேட்டில் இருக்கும் காவலாளி அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். தனியார் நிலம் வழியாகப் போனாலும், கோயிலுக்கோ அடுத்த ஊருக்கோ உரிமையாளர் நடக்க அனுமதிக்கும் பாதையென்றால் 'பெர்மிசிவ்' என்ற மதிப்பு இருக்கிறது. எது என்று தெரியாவிட்டால் வழியில் உள்ள ஊர்க்காரரைக் கேட்டுவிட்டே குறியுங்கள்.

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் புலங்களில் சேர்க்கலாம். பெயர்ப் புலத்தின் அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி வரும். ஊர்ப் பெயரை எழுதும்போது பெயர்ப்பலகையில் உள்ள எழுத்தையே பின்பற்றுங்கள்.

தடக் கோப்பைத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி பதிவேற்ற விரும்பினால், அதற்கு முன் உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் பகுதியை வெட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் எழுதிக் கேட்டவற்றுள் இரண்டை இங்கே சேர்க்கிறேன்.

சேர்த்த பாதை செயலியில் தெரியவில்லை என்பது பலருடைய கேள்வி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் உங்கள் திருத்தம் சில நிமிடங்களில் தெரியும். செயலியில் இருப்பதோ நீங்கள் முன்பு இறக்கிய நகல். செயலியை உருவாக்குவோர் அடுத்த தரவுத் தொகுப்பை வெளியிட்டு, அதை நீங்கள் புதுப்பித்த பிறகே உங்கள் பாதை அதில் வரும். தெரியவில்லையே என்று இரண்டாம் முறை வரைந்துவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் கிடப்பதை இந்தப் பகுதியில் நானே சில முறை நீக்கியிருக்கிறேன்.

கணினி இல்லாதவர்கள் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். கோடு வரைவதைத் தவிர மற்ற பலவற்றைக் கைப்பேசியிலேயே எளிதாகச் செய்யலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி, நீங்கள் நிற்கும் இடத்திற்கு அருகில் உள்ளவற்றைப் பற்றி இந்தச் சாலை மண்ணா தாரா, இந்தக் கடையின் நேரம் என்ன என்று கேள்வி கேட்டு, உங்கள் பதிலைத் தானே வரைபடத்தில் எழுதிக்கொள்கிறது. கேள்விகளைச் சேலத்திலேயே இறக்கி வைத்துக்கொண்டு, மலையில் பதில் சொல்லி, கீழே வந்ததும் பதிவேற்றலாம். இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும் உரியது. ஐபோன் வைத்திருப்பவர்கள் எவ்ரி டோர் என்ற செயலியை நிறுவிக்கொள்ளுங்கள்.