கேம்கார்டருடன் விமானம் ஏறும் குடும்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலிருந்து எங்கள் குடும்பம் முதல்முறையாக அந்தமானுக்குக் கிளம்பிய இரவில், பெட்டி கட்டுவதைவிடப் பெரிய விவாதமாக இருந்தது பழைய கேம்கார்டரை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான். அதற்குள் இருந்த மினி டிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ டேப்பில், மறைந்த அப்பா மொட்டைமாடியில் நின்று பேரனுக்குப் பட்டம் விடக் கற்றுக்கொடுக்கும் காட்சி இருந்தது. பாதி டேப் மிச்சம் இருக்கிறதே, புதிது எதற்கு என்று அதையே எடுத்துக்கொண்டோம். "எக்ஸ்ரேல வச்சா எல்லாம் அழிஞ்சிடும்டா, கையிலயே வச்சுக்கோ" என்று அம்மா வாசற்படி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா பயந்த விஷயத்தால் டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருமே பயப்படாத ஒரு விஷயத்தால் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்ரே. புகைப்பட ஃபிலிமையும் வீடியோ டேப்பையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் இந்தப் பயத்தின் வேர். ஃபிலிம் ஒளிக்கு வினைபுரியும் வேதிப்பூச்சு கொண்டது என்பதால் எக்ஸ்ரே கதிர் அதில் மூட்டம் போட்டுவிடும். மங்கிய ஒளியிலும் படம் பிடிக்கும் வேகம் கூடிய ஃபிலிம்களுக்கும், செக்-இன் பெட்டிகளைச் சோதிக்கும் வலுவான இயந்திரங்களுக்கும் இது இன்னும் பொருந்தும். தாத்தா காலத்துச் சூப்பர் 8 கேமராவோடு போகிறவர்கள் ஃபிலிம் சுருளைக் கையில் எடுத்துக் கொடுத்து, கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி கேட்கத்தான் வேண்டும். ஆனால் வீடியோ டேப்பில் காட்சி பதிவாகியிருப்பது காந்தத் துகள்களில். மெமரி கார்டில் இருப்பது மின்னூட்டமாக. இரண்டையும் பயணிகளின் பை போகும் எக்ஸ்ரே அழிப்பதில்லை. திருவொற்றியூரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் விமான நிலையம் போகிறவர்களின் பை, மீனம்பாக்கத்தை எட்டுவதற்கு முன்பே மெட்ரோ நிலையத்தில் ஒரு எக்ஸ்ரேயைக் கடந்துவிடுகிறது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். டேப்பின் உண்மையான எதிரி வலுவான காந்தம். ஆகவே அதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டாமல் இருந்தால் போதும்.

உண்மையில் பயப்பட வேண்டியது பேட்டரிக்குத்தான், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. உதிரி பேட்டரிகளையும் பவர் பேங்கையும் சார்ஜரோடு சுருட்டிப் பெரிய சூட்கேஸில் போட்டுவிடுவது நம் குடும்பங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. உதிரியாக இருக்கும் லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டுமே போகலாம். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அதற்கு இடமே இல்லை. காரணம் எளிது. லித்தியம் பேட்டரிக்குள் சூடு ஒருமுறை கட்டுமீறினால் அது தன்னைத்தானே எரித்துக்கொண்டே போகும்; சரக்கறையில் இருக்கும் தீயணைப்பு வாயுவால் அந்தச் சங்கிலியை நிறுத்த முடியாது. பயணிகள் இருக்கும் பகுதியில் புகை வந்தால் பணியாளர்கள் உடனே பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படவிருந்த விமானமொன்றில், இருக்கைகளுக்கு மேலுள்ள சாமான் அறையிலிருந்து தீப்பற்றி விமானமே எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரிவித்தார்கள். அதற்குப் பிறகு, பவர் பேங்கை மேலே வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லும் விமான நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன.

தண்டையார்ப்பேட்டைச் சித்தப்பாவின் பெட்டியில் இப்படி இரண்டு உதிரி பேட்டரிகள் கிடந்தன. விமானம் ஏறும் வாசலில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரிக்கும் நேரத்தில், ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறக்க ஆள் வேண்டும்; சாவியோ சித்தியின் பர்ஸில்; சித்தியோ பேத்தியைக் கழிப்பறைக்கு அழைத்துப் போயிருந்தார். விமானத்தைத் தவறவிடவில்லை என்றாலும், அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் பேசிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

பேட்டரியின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை; அதில் அடங்கும் மின்னாற்றலை வாட்-அவர் என்ற அலகில் சொல்வார்கள். 100 வாட்-அவர் வரையுள்ள பேட்டரிக்கு முன் அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை இருந்தால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு உதிரிகள் மட்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோகவே முடியாது. பழைய பேட்டரிகளில் வாட்-அவர் அச்சிட்டிருக்காது என்றாலும் கணக்கு கடினமில்லை: மில்லி ஆம்பியர்-அவர் (mAh) எண்ணை 1,000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்க வேண்டும். 7.2 வோல்ட், 2,200 mAh என்று போட்டிருக்கும் கேம்கார்டர் பேட்டரி 16 வாட்-அவரைக்கூடத் தொடாது. 3.7 வோல்ட் கணக்கில் 20,000 mAh பவர் பேங்க் 74 வாட்-அவர். 30,000 என்றால் 111, அதாவது முன் அனுமதி தேவைப்படாத வரம்பைத் தாண்டிவிட்டது. ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய, எந்த எழுத்துமே இல்லாத அல்லது எழுத்து தேய்ந்துபோன பேட்டரியைச் சோதனையில் மறுத்தால் வாதாடிப் பயனில்லை, ஏனெனில் அவர்களுக்கு அளவு தெரிய வேறு வழி கிடையாது. உப்பிப்போன பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். நல்ல பேட்டரியாக இருந்தாலும் அதன் உலோக முனைகளில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டித் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போடுவது நல்லது. சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் அவை உரசினால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

அடுத்தது பையை அடுக்கும் விதம். எக்ஸ்ரே திரையில் உணவு, துணி போன்ற பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், உலோகம் நீலத்திலும், இடைப்பட்டவை பச்சையிலும் தெரியும். கேம்கார்டர் என்பது தடித்த கண்ணாடி லென்ஸ், மோட்டார், மின்பலகை, பேட்டரி எல்லாம் சேர்ந்த ஒரு கட்டி. அதன்மேல் சார்ஜர் ஒயர்களைச் சுற்றி, பக்கத்தில் இட்லிப் பொடி டப்பாவையும் செருகினால், திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தோன்றும் என்று யோசித்தால் போதும். மிளகாய்ப் பொடியும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் கைப்பையில் கூடாது என்பதால், பொடிக்காகப் பையைத் திறக்கச் சொல்லும்போது கேமராவும் வெளியே வந்து மேசையில் உருளும். காசிமேட்டுக் கருவாட்டை உறவினருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு என் வேண்டுகோள், அதைக் கேமராப் பையிலிருந்து எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வையுங்கள். கேம்கார்டர், சார்ஜர், பவர் பேங்க் மூன்றையும் பையின் மேலடுக்கில் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும்போதே எடுத்துத் தட்டில் தனியாகப் பரப்பிவிட்டால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சோதிப்பவர்கள் கேமராவை இவ்வளவு உற்றுப் பார்ப்பதைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1984 ஆகஸ்ட் 2 அன்று இரவு இதே மீனம்பாக்கத்தில் பயணப் பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். 2001 செப்டம்பர் 9 அன்று ஆப்கானிஸ்தானின் தளபதி அஹ்மத் ஷா மசூத், பேட்டி எடுப்பவர்களாக வந்தவர்கள் வீடியோக் கருவியில் மறைத்துவைத்த வெடிபொருளுக்குப் பலியானார். ஆகவே "இதில் என்ன குண்டா இருக்கிறது?" என்ற நகைச்சுவையை விமான நிலைய எல்லைக்குள் யாரும் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

சில நேரம் கருவியை இயக்கிக் காட்டச் சொல்வார்கள். சார்ஜ் இல்லாத பேட்டரியோடு போவது இங்கே தவறு. அதைவிடப் பெரிய தவறைச் செய்தவன் நான். கிளம்புவதற்கு முன் அப்பாவின் காட்சியை எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டு, டேப்பை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தோம். மத்திய தொழிற்பாதுகாப்புப் படை வீரர் "ஆன் பண்ணுங்க சார்" என்றார்; என் கேமராவில் பவர் சுவிட்சும் சிவப்புப் பொத்தானும் ஒரே கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. பட்டம் மேலே எழும் இடத்தில் இப்போது ஏழு விநாடிகளுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டும் யாருடைய பெல்ட்டோவும் தெரிகின்றன. மினி டிவி டேப்பின் விளிம்பில் 'ரெக்', 'சேவ்' என்று குறித்த சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். நகத்தால் அதைச் 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதிவாகாது. பழைய பதிவுள்ள டேப்பைப் பயணத்துக்கே எடுத்து வராமல், புதிய டேப்போடு வருவது அதைவிட நல்லது. மெமரி கார்டு வைத்திருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் பிரதி எடுத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். உதிரிக் கார்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரிசைக்கு வரக் கூடாது. எல்லாவற்றையும் தட்டில் கொட்டச் சொல்லும்போது நகத்தளவு கார்டுதான் முதலில் தொலையும்.

குடும்பமாகப் போகிறவர்கள் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரிசை தனித்தனி. பெண்களைத் திரையிட்ட மறைவில் பெண் காவலர் சோதிப்பார். கேமராப் பை அக்காவின் தட்டில் போய்விடும், அக்கா மறைவுக்குள் நிற்பார், தட்டு எக்ஸ்ரேயின் மறுபக்கம் வந்து கேட்பாரற்றுக் கிடக்கும், பின்னால் வருகிறவர்களின் தட்டுகள் அதை இடித்துக்கொண்டு நிற்கும். கேமராவை வைப்பவர் யார், மறுபக்கத்தில் முதலில் போய் நின்று எடுப்பவர் யார் என்பதை வரிசைக்கு வருமுன் முடிவு செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து அனுப்புவது வேண்டாம்.

ட்ரைபாடையும் அதற்கான திருப்புளியையும் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் பேச்சே இல்லை.

படம் எடுப்பதைப் பொறுத்தவரை, பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தில் கேமராவை இயக்கவே கூடாது. விமானத்துக்குள் பயணிகள் படம் எடுக்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2020 செப்டம்பரில் விளக்கம் தந்திருக்கிறது. ஆனால் குழப்பத்தை உண்டாக்கும் விதத்தில் எடுக்கக் கூடாது, பணியாளர்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போலக் கடற்படைத் தளத்தோடு சேர்ந்த விமான நிலையங்களில் சன்னல் வழியாக ஓடுபாதையைப் படமெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கடற்கரையில் எடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சிங்கப்பூர், மலேசியா என்று வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை. விலை உயர்ந்த கேம்கார்டரோடு திரும்பி வரும்போது அதை அங்கே வாங்கியதாகச் சுங்கத்துறை எடுத்துக்கொண்டால், இங்கிருந்து கொண்டுபோனது என்று நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு. பல ஆண்டுகளுக்கு முன் பர்மா பஜாரில் பில் இல்லாமல் வாங்கிய கேமராவுக்கு இது இன்னும் சிரமம். புறப்படும் நாளில் சற்று முன்னதாகவே போய், கருவியைச் சுங்க அலுவலரிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். சான்றிதழில் எழுதும் சீரியல் எண் பெரும்பாலான கேமராக்களில் அடிப்பக்க ஒட்டுத்தாளில்தான் இருக்கும். கைவியர்வையில் அது மங்கிப்போயிருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.