ஒரு நாளைக்கு ஒரு வரிசை

மொரீஷியஸில் பிறந்த எனக்கு வீட்டில் கிரியோல்தான் மொழி. "தமிழ் படிக்க வேண்டும்" என்று மூன்று வருஷம் ஜனவரியில் முடிவெடுத்து, மார்ச்சுக்குள் விட்டுவிட்டேன். இன்றைக்கு என்ன செய்வது என்பது அந்த முடிவில் இல்லை.

அப்புறம் கணக்கைப் பிரித்தேன். 247 எழுத்து என்றால் மலைப்புதான். ஆனால் உயிர் 12, மெய் 18. குறிகள் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். உகர, ஊகார வடிவங்களைத்தான் தனியாக மனப்பாடம் செய்தேன். நாளுக்கு ஒரு வரிசை, 20 நிமிஷம், போன் அடுத்த அறையில். தவறிய நாளை ஈடுகட்டப் போகாமல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது.

ஐந்தாம் வாரம் கடையில் மீதி வாங்கும்போது, எங்கள் ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். இப்போது அவரும் க வரிசையில் இருக்கிறார்.