“பலாப்பழம் உறைக்குது” என்று பிள்ளை சொன்னால்

யாழ்ப்பாணம் கொடிகாமத்தில் மாமி வீட்டு முற்றத்தில், கத்திக்கு எண்ணெய் பூசிப் பலாப்பழம் வெட்டினார்கள். ரொறன்ரோவில் பிறந்த என் மகளுக்கு அதுதான் முதல் சுளை. இரண்டு கடி கடித்தவள் நாக்கை நீட்டி, “அம்மா, பழம் உறைக்குது” என்றாள். சுற்றி நின்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அப்பிள் கடித்தாலும் அவள் இதையேதான் சொல்வாள். வாய்க்குள் கடிக்கிறது, அதாவது அரிக்கிறது, என்று சொல்லத் தமிழில் சொல் தெரியாத பிள்ளைக்கு உறைப்புத்தான் கைக்கு அகப்பட்ட சொல்.

அப்பிளுக்கும் பலாப்பழத்துக்கும் என்ன உறவு? நடுவில் நிற்பது பேர்ச் மரம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வசந்த காலத்தில் அதன் மகரந்தம் காற்றெல்லாம் பரவுகிறது. அந்த மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மூக்கு ஒழுகும், கண் கடிக்கும். மகரந்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தைப் போலவே இன்னொன்று அப்பிள், பீச், செரி, கிவி, கரட், ஹேசல்நட் ஆகியவற்றிலும் இருக்கிறது. பலாப்பழத்திலும் இருக்கிறது. உடம்பு ஆள் மாறாட்டம் செய்து பழத்தை மகரந்தம் என்று நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் பலாவைக் கண்ணாலும் காணாத பிள்ளைக்கு முதல் சுளையிலேயே வாய் கடிக்கலாம். பேர்ச் மரம் யாழ்ப்பாணத்தில் இல்லையே என்று ஆறுதல்பட முடியாது. ஒவ்வாமை பிள்ளையின் இரத்தத்தோடு விமானம் ஏறி வந்துவிடுகிறது.

வட அமெரிக்காவில் ஆவணி, புரட்டாதியில் பூக்கும் ராக்வீட் களை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம், வத்தகப்பழம், வெள்ளரிக்காய் இதே வேலையைக் காட்டலாம். ஆகவே ஊர்ப் பயணத்துக்கு முன்பு ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பிள்ளைக்கு ஹே ஃபீவர் (மகரந்த ஒவ்வாமை) இருக்கிறதா, ஏதாவது பழத்தைக் கடித்துவிட்டுக் காரணம் சொல்லாமல் ஒதுக்கி வைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் குடும்ப வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரிக்கெற் போட்ட கையோடு கேட்பது நல்லது. ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்புவதென்றால் தவணை கிடைக்க மாதங்கள் போகலாம்.

இந்த வகைக் கடி பழம் வாயில் பட்டுச் சில நிமிடங்களில் தொடங்கும். உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை, சிலருக்குக் காதுக்குள்ளும். பழத்தைத் துப்பி வாயைக் கொப்பளித்தால் பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். சூடு பட்டால் அந்தப் புரதம் குலைந்துவிடும் என்பதால், பழத்தைச் சமைக்காமல் சாப்பிட்டால் வாய் கடிக்கிற பிள்ளைகள் பலர் அதையே சமைத்தால் ஒரு வில்லங்கமும் இல்லாமல் சாப்பிடுவார்கள். என் மகள் பலாக்காய்க் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள். கொட்டை வகைகளுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். கச்சானோ (நிலக்கடலை) கஜுவோ (முந்திரி) சாப்பிட்டு வாய் கடித்தால், வறுத்ததுதானே என்று விடாமல் அதை வேறு ஒவ்வாமையாகவே எடுத்து வைத்தியரிடம் காட்டவேண்டும். ஐஸ்கிறீம் கடைகளில் மேலே தூவி வருவதும் கஜுவாக இருக்கலாம். நல்லூர்த் திருவிழா நேரத்துச் சனத்துக்குள் அதைக் கேட்க மறந்துவிடுவோம்.

வாய் கடிப்பதெல்லாம் ஒவ்வாமையும் அல்ல. அன்னாசியில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களும் புரதத்தைக் கரைக்கும் நொதியமும் இருக்கின்றன. நிறையச் சாப்பிட்டால் ஆருக்கும் நாக்குப் புண்ணாகும். எங்கள் ஆட்கள் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துப் பிள்ளையும் அப்படியே சாப்பிட்டால், எரிவு எதனால் என்று யாருக்குத் தெரியும்? முதல் துண்டை வெறுமனே கொடுத்துப் பாருங்கள்.

மாம்பழம் இன்னொரு கதை. அதன் பாலிலும் தோலிலும் இருக்கும் எண்ணெய்ப் பொருள், கனடாவில் பிள்ளைகள் காட்டுப்பக்கம் போனால் தொடாதே என்று சொல்கிறோமே, அந்தப் பாய்சன் ஐவியின் நஞ்சுக்கு உறவுக்காரன். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். முன்பு ஐவி பட்டுத் தடித்த பிள்ளை, கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சூப்பினால் அப்போது ஒன்றும் தெரியாது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உதட்டைச் சுற்றிச் சிவந்து, கடித்து, கொப்பளம் போடும். அதற்குள் பிள்ளை வேறு பத்துச் சாமான் சாப்பிட்டிருக்கும். பழி மாம்பழத்தில் விழவே விழாது. காம்பை முறித்துப் பாலை வடியவிட்டு, கழுவி, தோல் சீவி, துண்டு போட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. சூப்பித் தின்னுகிற சுகம் போய்விடுமே என்றால், போகத்தான் செய்யும்.

வைத்தியத்தை விடக் கஷ்டம் உறவுகளுக்கு விளங்கப்படுத்துவது. “ஊர்ப் பழம்தானே, மருந்தடிக்காதது, ஒண்டும் செய்யாது, சாப்பிடு குஞ்சு” என்று அம்மம்மா அடுத்த சுளையை நீட்டுவா. அலர்ஜி என்று சொன்னால் வெளிநாட்டுப் பவுசு என்று நினைப்பார்கள். நான் கண்டுபிடித்த வழி, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல்லையே எடுப்பது: “பிள்ளைக்குப் பலாப்பழம் கிரந்தி, அம்மா.” கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி என்று காலம் காலமாக விலக்கி வைத்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை. வைத்தியக் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. சுளை திரும்பிப் போனது, அது போதும்.

ஆனாலும் லேசான கடிதானே என்று பிள்ளையைப் பழக்கிவிடப் பார்க்காதீர்கள். கடிக்கிற பழத்தைப் பெரிய கிளாஸ் ஜூஸாக வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடிப்பது, இரண்டு கடி கடிப்பதைப் போன்றதல்ல. அளவு கூடும்போது வாயோடு நிற்காமல் போகலாம். குளிர்பானக் கடையில் கலவைப் பழ ஜூஸ் கேட்டால் அதற்குள் என்னென்ன பழம் என்று கேளுங்கள்.

உடம்பில் தடிப்பு எழும்பினால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், நாக்கு வீங்கினால், குரல் கரகரத்தால், இருமல், மூச்சிழுப்பு, மயக்கம் வந்தால் அது வாய்க்கடி அல்ல. அட்ரினலின் பேனா (கடும் ஒவ்வாமைக்குக் குத்தும் பேனா வடிவ ஊசி) எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளை என்றால் உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் குத்துங்கள். பிள்ளையைப் படுக்கவையுங்கள்; மூச்சு முட்டினால் இருத்திவையுங்கள், நடக்கவிடாதீர்கள். 5 நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது பேனா. ஒவ்வாமை மாத்திரையோ பாணியோ இதற்கு ஈடாகாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஒழுங்கையின் பெயரை விடப் பக்கத்துக் கோயிலையோ சந்தியையோ சொல்வது சுலபம். வாசலில் வாகனம் நின்றால், கிட்டத்தில் உள்ள அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போவது கெதியாக இருக்கலாம். எது கிட்ட என்பதை வந்து இறங்கிய அன்றே கேட்டு வையுங்கள்.

பேனாவை இலங்கையில் வாங்கலாம் என்று வராதீர்கள். இரண்டு பேனாக்களை வைத்தியரின் கடிதத்தோடு கைப்பையில் கொண்டு வாருங்கள். வெயிலில் நிற்கும் வானுக்குள்ளும் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம்; 25 பாகைக்கு மேற்படாத இடம்தான் அதற்கு வேண்டும். யாழ்ப்பாண வெக்கையில் வெப்பம் தாங்கும் உறை ஒன்று உதவும்.

எந்தப் பழம், பச்சையா சமைத்ததா, எத்தனை நிமிடத்தில் கடித்தது, எப்போது அடங்கியது என்று அன்றன்றே தொலைபேசியில் எழுதி வையுங்கள். படமும் எடுங்கள். ரொறன்ரோ நிபுணரிடம் நான் வாழைப்பழங்களை “இதரை, கப்பல், கதலி” என்று சொன்னபோது அவர் எழுதுகிற பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.