தாமரைக் குளத்தில் விரால் பிடிக்கும் முறை

நம் குமரி மாவட்டக் குளங்களின் விரால் நீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. ஆகவே தூண்டிலை வீசுவதற்கு முன் கால் மணி நேரம் கரையில் அசையாமல் நின்று, தாமரை இலைகளுக்கிடையே 'குபுக்' என்று நீர் எழும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தைத் தாண்டி ரப்பர் தவளையை எறிந்து, இலைமேல் இழுத்து, இடைவெளி வந்ததும் ஒரு நொடி நிறுத்துங்கள்.

மீன் கவ்விய சத்தம் கேட்டவுடனே சுண்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. தூண்டில் நரம்பு நன்றாக இறுகும்வரை பொறுத்து, பிறகு ஓங்கி இழுத்து, கொடிகளுக்குள் புகவிடாமல் விரைவாகக் கரை சேர்க்க வேண்டும். மெல்லிய நரம்பு இதற்கு உதவாது.

மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால், அவற்றின் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள்.

பனையேறிக் கெண்டைக்கு மண்புழுவும் சிறு தூண்டில் முள்ளும் போதும்; கழற்றும்போது செவுள் மூடியின் முட்கள் விரலைக் கிழிக்கும், ஈரத்துணியால் பிடிப்பது நல்லது.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் பறவைகளின் சரணாலயம். அங்கே தூண்டிலோடு போக வேண்டாம். மற்றக் குளங்களில் குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.