கல்லறையில் ஒரு பெயர், பத்திரிகையில் நாலு பெயர்: பழைய நாளிதழ்களில் ஒரு பெண்ணைத் தேடுவது எப்படி?

நியூயார்க்கில் கிரீன்வுட் என்று ஒரு பெரிய இடுகாடு இருக்கிறது. அங்கே ஒரு கல்லில் மிஸஸ் எலிசா கில்பர்ட், இறந்தது 1861 ஜனவரி 17, வயது 42 என்று வெட்டியிருக்கிறார்கள். படிக்கும் யாரும் கில்பர்ட் என்பவரின் மனைவி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு கில்பர்ட் என்று கணவரே கிடையாது. அது அப்பாவின் பெயர். கல்யாணம் செய்துகொண்டது ஜேம்ஸ், ஹீல்ட், ஹல் என்ற மூன்று பேரை. உலகம் அறிந்த பெயரோ லோலா மான்டெஸ். கல்லில் உள்ள வயதும் தப்பு. இறந்தபோது அவருக்கு 39தான்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்குப் பெண்கள்தான் கஷ்டம். ஆண்களுக்குப் பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே பெயர். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஒரு பெயர், புகுந்த வீட்டில் ஒரு பெயர், மறுமணம் என்றால் இன்னொன்று. அதனால் பயிற்சிக்கு லோலாவை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தில் பிறந்து, ஸ்பானிஷ் நடனக்காரி என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பாவைக் கலக்கியவர். பவேரியா மன்னர் முதலாம் லுட்விக் 1847-ல் லாண்ட்ஸ்ஃபெல்ட் சீமாட்டி என்ற பட்டமே கொடுத்தார். போன இடமெல்லாம் பத்திரிகையில் வந்தவர் என்பதால் கற்றுக்கொள்ள வசதி.

படி 1: பெயர்ப் பட்டியல் போடுங்கள்

எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் அந்தப் பெண்ணை எப்படியெல்லாம் அச்சிட்டிருக்கலாம் என்று எழுதுங்கள். லோலாவுக்கு: மிஸ் கில்பர்ட், மிஸஸ் ஜேம்ஸ், லோலா மான்டெஸ், லாண்ட்ஸ்ஃபெல்ட் சீமாட்டி, மிஸஸ் ஹீல்ட், மிஸஸ் ஹல். ஒவ்வொன்றுக்கும் எழுத்துப் பிழை வடிவங்களையும் சேருங்கள். மான்டெஸில் கடைசி எழுத்து இசட்டாகவும் வரும், எஸ்ஸாகவும் வரும். லாண்ட்ஸ்ஃபெல்டின் முடிவில் சில இடங்களில் ஒரு டி கூடுதலாக இருக்கும்.

முக்கியமான விஷயம்: அந்தக் கால ஆங்கிலப் பத்திரிகைகளில் மனைவிக்குத் தனிப் பெயரே இருக்காது. 'மிஸஸ்' போட்டுக் கணவரின் முழுப்பெயரை எழுதிவிடுவார்கள். ஆகவே அந்தப் பெண்ணைச் சுற்றியிருந்த ஆண்களின் பெயர்கள் எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

படி 2: எந்தப் பத்திரிகை, எந்தத் தளம்

ஆஸ்திரேலியாவுக்கு அந்த நாட்டுத் தேசிய நூலகத்தின் ட்ரோவ். 1803-லிருந்து பத்திரிகைகள் இருக்கின்றன, முழுக்க இலவசம். கலிஃபோர்னியாவுக்கு கலிஃபோர்னியா டிஜிட்டல் நியூஸ்பேப்பர் கலெக்‌ஷன். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்கு அந்த நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்ளிங் அமெரிக்கா. இவையும் இலவசம். பிரிட்டனுக்கு பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ். அங்கே தேடுவது இலவசம், பக்கத்தைத் திறக்கத்தான் காசு. தேடல் முடிவில் வரும் இரண்டு வரியை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம் என்பதால் அவசரப்பட்டு சந்தா கட்டாதீர்கள்.

படி 3: சாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

பிறப்பிலிருந்து தொடங்கினால் வழியில் எங்காவது தொலைந்துவிடுவோம். இறப்புச் செய்தியில் பிடித்து ஒவ்வொரு கல்யாணமாகப் பின்னால் போவதுதான் சுலபம்.

லோலாவின் கடைசிக் கல்யாணம் 1853 ஜூலை 2, சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் டொலோரஸ் தேவாலயத்தில். மாப்பிள்ளை பேட்ரிக் ஹல், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர். இதைப் பிடிக்க 'டெய்லி ஆல்டா கலிஃபோர்னியா' நாளிதழின் 1853 ஜூலை முதல் வாரத்தைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் இரண்டு மாதம் பின்னால் போய்க் கப்பல் பயணிகள் பட்டியலையும் பாருங்கள். லோலா மே மாதம் பனாமாவிலிருந்து வந்த நார்தர்னர் என்ற நீராவிக் கப்பலில் இறங்கினார். ஹல்லும் அதே கப்பலில்தான் வந்தார். இருவரும் எங்கே பழகினார்கள் என்பது கல்யாண அறிவிப்பில் கிடைக்காது, பயணிகள் பட்டியல்தான் சொல்லும். புதிதாகத் தேடுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

படி 4: கோர்ட் செய்தியைத் தேடுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. கல்யாண அறிவிப்பில் பெயரும் ஊரும் தேதியும் மட்டும் இருக்கும். சண்டை வந்து வழக்கு நடந்தால்தான் குடும்பமே வெளியே வரும்.

1849 ஜூலை 19 அன்று லண்டனில் லோலா ஜார்ஜ் டிராஃபோர்ட் ஹீல்ட் என்ற 21 வயது ராணுவ அதிகாரியைக் கட்டினார். பையனுக்குச் சொத்து இருந்தது, வளர்த்த அத்தையும் இருந்தார். அந்த அத்தை சும்மா இருக்கவில்லை. ஆகஸ்ட் மாதமே லோலா மீது இருதார மணக் குற்றச்சாட்டு போலீஸ் கோர்ட்டுக்கு வந்தது: முதல் கணவர் தாமஸ் ஜேம்ஸ் இந்தியாவில் உயிரோடு இருக்கிறார், ராணுவத்தில் வேலை பார்க்கிறார் என்று.

அந்த ஒரு விசாரணைச் செய்தியில் நமக்கு எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். 1837-ல் அயர்லாந்தில் ஜேம்ஸுடன் ஓடிப்போய் நடந்த கல்யாணம். ஜேம்ஸின் வங்காளப் படைப்பிரிவு. 1842-ல் லண்டன் திருச்சபை நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. தீர்ப்பு என்றதும் விவாகரத்து என்று எழுதிவிடாதீர்கள். அது படுக்கையும் சாப்பாடும் தனித்தனி என்கிற பிரிவுதான். கணவர் உயிரோடு இருக்கும்வரை மறுமணம் கூடாது. இங்கிலாந்தில் 1857 சட்டம் வரும்வரை, மறுமணத்துக்கு வழிவிடும் விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். அவ்வளவு காசு யாரிடம் இருந்தது? இது தெரியாமல் தேடினால் 'விவாகரத்துப் பதிவு' எங்கே என்று வருடக்கணக்கில் அலைவீர்கள்.

1842 வழக்கைத் தேட லோலா என்று போட்டால் ஒன்றும் வராது, அந்தப் பெயரே அப்போது பிறக்கவில்லை. 1843 ஜூனில் லண்டன் மேடையில் ஏறும்போதுதான் அது வந்தது. ஜேம்ஸ் என்று மட்டும் போட்டால் லட்சக்கணக்கில் கொட்டும். ஜேம்ஸ் எதிர் ஜேம்ஸ் என்ற வழக்கின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, 1842 டிசம்பர் என்று காலத்தைக் குறுக்குங்கள்.

படி 5: தேதிச் சுருக்கங்களில் ஏமாறாதீர்கள்

பழைய அறிவிப்புகளில் 19 அல்ட். என்று இருந்தால் போன மாதம் 19-ம் தேதி. இன்ஸ்ட். என்றால் இதே மாதம். ஆகஸ்ட் 4 பத்திரிகையில் 19 அல்ட். என்றால் ஜூலை 19. நான் ஆரம்பத்தில் இதைக் கவனிக்காமல் ஒரு கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளி எழுதிவைத்துவிட்டு, மூத்த குழந்தையின் பிறந்த தேதியோடு கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு நாள் அந்தக் குடும்பத்தைத் தேவையில்லாமல் சந்தேகப்பட்டேன்.

ரெலிக்ட் என்றால் விதவை. நே என்ற ஃபிரெஞ்சுச் சொல்லுக்குப் பின்னால் வருவது பிறந்த வீட்டுப் பெயர். கண்ணில் பட்டால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கப்பல் தாமதம். ஆஸ்திரேலியாவுக்குக் கடல்கடந்த தந்தி 1872-ல்தான் வந்தது. 1849 ஆகஸ்டில் லண்டனில் நடந்தது சிட்னி பத்திரிகையில் வர மூன்று நான்கு மாதமாகும். தேதி வடிகட்டியை அதற்கேற்ப அகலமாக வையுங்கள்.

படி 6: பத்துச் செய்தி என்பது பத்துச் சாட்சி அல்ல

அப்போது ஒரு பத்திரிகை எழுதியதை மற்றது வெட்டி ஒட்டும். வாசகங்கள் ஒரே மாதிரி இருந்தால் அத்தனையும் ஒரே சாட்சி. எது முதலில் வந்தது என்று பார்த்து அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூடவே வந்தவரையெல்லாம் கணவர் பட்டியலில் போடாதீர்கள். 1855-ல் லோலா ஆஸ்திரேலியா வந்தபோது ஃபாலண்ட் என்ற நடிகர் உடன் இருந்தார். 1856-ல் திரும்பும் வழியில் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். காதலர்தான், ஆனால் அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. இப்படிப்பட்டவர்களுக்குக் குறிப்பேட்டில் தனியாக ஒரு பத்தி வைத்திருங்கள்.

படி 7: பத்திரிகையிலிருந்து பதிவேட்டுக்கு

கல்லறை சொன்ன 42-ஐக் கழித்தால் பிறப்பு 1818. நீண்ட காலம் புத்தகங்களும் 1818, லிமரிக் நகரம் என்றே எழுதின. பத்திரிகைகளும் லோலா சொன்னதை அப்படியே போட்டன. அவர் வாயில் வந்ததெல்லாம் ஊரும் வயதுமாக மாறிக்கொண்டே இருந்தது. உண்மையில் பெற்றோர் கல்யாணமே 1820-ல்தான். இவர் பிறந்தது 1821 பிப்ரவரியில், ஸ்லைகோ மாவட்டத்தின் கிரேஞ்ச் என்ற ஊரில். ஞானஸ்நானம் நடந்தது 1823-ல் லிவர்பூலில், குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறும் சமயத்தில். அதே வருடம் அப்பா கில்பர்ட் பாட்னா பக்கத்தில் உள்ள தினாப்பூரில் காலராவில் போனார். அடுத்த வருடமே அம்மா பேட்ரிக் கிரேகி என்ற அதிகாரியை மணந்தார். ஆக, அம்மாவைத் தேட கிரேகி என்ற பெயர் வேண்டும். மறுபடியும் படி 1.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு, 1816-லிருந்து லண்டனில் வந்த 'ஏசியாட்டிக் ஜர்னல்' நல்ல ஆதாரம். கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் என்று பிரித்துப் பிறப்பு, திருமணம், இறப்பு போட்டிருப்பார்கள். பல தொகுதிகள் இன்டர்நெட் ஆர்கைவ் (archive.org) தளத்தில் இலவசமாக இருக்கின்றன. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் வம்சாவளி தேடுகிறவர்களுக்கான ஃபிபிஸ் (FIBIS) என்ற சங்கத்தின் தேடுபொறியும் இலவசம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு

மலாயா, சிங்கப்பூர் போன குடும்பமென்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இலவசமாகவே இருக்கிறது. 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் உண்டு, தமிழ் முரசும் உண்டு. பினாங்கில் இருந்த என் பாட்டியின் அக்காவை லட்சுமி என்று தேடி ஒரு மாதம் வீணாகப் போனது. மலாயாவில் அதை எல், இ, டி, சி, எச் என்று தொடங்கி எழுதுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலும் கிடைக்கவில்லை. கடைசியில் அவருடைய அண்ணன் இறந்த அறிவிப்பில் கிடைத்தார், தங்கைகள் என்ற வரியில், கணவர் பெயரோடு, 'மிஸஸ்' போட்டு. அவர் பெயரில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

படி 8: அன்றன்றே எழுதிவையுங்கள்

பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம், பத்தி, நீங்கள் தட்டிய தேடுசொல், கிடைத்தது. ஒன்றும் கிடைக்காத தேடலையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதையே மறுபடி தேடுவீர்கள். ட்ரோவில் ஒவ்வொரு செய்திக்கும் நிரந்தர இணைப்பு இருக்கும். முகவரிப் பட்டையில் உள்ளதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டுப்பாடம். 1856 பிப்ரவரியில் பல்லராட் என்ற தங்கச் சுரங்க ஊரில், தன்னைப் பற்றித் தப்பாக எழுதிய 'பல்லராட் டைம்ஸ்' ஆசிரியர் ஹென்றி சீகாம்ப்பை லோலா சாட்டையால் விளாசினார். ட்ரோவைத் திறந்து, லோலா, சீகாம்ப் இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் தட்டி, 1856 பிப்ரவரி முதல் மார்ச் வரை என்று வையுங்கள். வரும் செய்தியின் இடது பக்கம் கணினி படித்த எழுத்து இருக்கும், கண்டபடி பிழையோடு. அதை நாமே திருத்தலாம், கணக்குகூடத் தொடங்க வேண்டாம். பத்து வரி திருத்திவிட்டு வாருங்கள், அப்புறம் உங்கள் பாட்டியைத் தேடலாம்.