பெல்லட் ஸ்டவ் அடிக்கடி அணைகிறதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை (பெல்லட்) எரித்து அறையைச் சூடாக்கும் பெல்லட் ஸ்டவ் பாதியில் அணைந்தால், உடனே அதை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பாதுகாப்பு சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்திருக்கும். அது எந்த சுவிட்ச் என்பதை அணையும் நேரமே பாதி காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று முறை ஓடவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பற்றவைத்து 10 முதல் 20 நிமிடத்துக்குள் நின்றால், புகைபோக்கி ஃபேனின் உறையில் இருக்கும், காசு அளவு வட்டமான வெப்ப சுவிட்சைச் சந்தேகியுங்கள். தீ பிடித்துவிட்டதா என்று பார்ப்பது அதுதான். சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூடு வந்தால் 'பிடித்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளும். தீ நன்றாக எரிந்தும் அணைகிறதா? சுவிட்ச் பழுது, அல்லது அது சரியாக ஒட்டி உட்காரவில்லை. தீ சோர்ந்து, மஞ்சளாகச் சோம்பி எரிகிறதா? அப்படியானால் சுவிட்சை விட்டுவிட்டு எரிகிண்ணத்தைப் பாருங்கள். அடியிலுள்ள துளைகளில் சாம்பல் உருகிக் கல்லாகப் படிந்திருக்கும். ஸ்டவ் நன்றாக ஆறியபின் பிளக்கைப் பிடுங்கி, கிண்ணத்தை வெளியே எடுத்துச் சுரண்டுங்கள். ஒவ்வொரு துளையின் வழியாகவும் வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஓரிரு மணி நேரம் ஓடிவிட்டு நின்றால், அதுவும் காற்றடிக்கும் நாளில் அதிகம் நின்றால், வேக்வம் சுவிட்சின் பக்கம் போகலாம். எரியறையில் இழுவிசை குறைந்ததும் அது பெல்லட் வருவதை நிறுத்திவிடும். மெல்லிய சிலிகான் குழாய் ஒன்று அதோடு இணைந்திருக்கும். அதைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். மறுமுனை செருகியிருந்த சிறு முளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள். பெரும்பாலும் சாம்பல் அடைத்திருப்பது அங்கேதான். பிறகு, சுவிட்சில் மாட்டியிருக்கும் குழாயை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். ஊதாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுவிடும். டிக் கேட்டால் சுவிட்ச் நல்லது. குறை காற்றுப் பாதையில்.

காற்றுப் பாதையில் முதலில் கதவு கேஸ்கெட், அதாவது காற்று கசியாமல் கதவின் விளிம்பை அடைக்கும் பட்டை. ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே கசிவு. சாம்பல் தட்டின் கதவிலும் இதையே செய்யுங்கள். அடுத்து, தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால், புகைபோக்கி ஃபேன் இறக்கைகளில், புகைக்குழாயின் 'T' வடிவ இணைப்பின் மூடிக்குள் சேர்ந்த சாம்பல். கண்ணாடியைப் பளபளவென்று துடைப்பவர்கள்கூட இந்த மூன்றையும் விட்டுவிடுவார்கள். சாம்பலை எடுக்க வீட்டு வேக்வம் கிளீனர் வேண்டாம். சாம்பலில் தணல் ஒளிந்திருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, எரியாத தரையில் வையுங்கள்.

தீ மெல்லச் சுருங்கி அணைந்தால் பெல்லட் வரவில்லை என்று பொருள். தொட்டிக்குள் பெல்லட்கள் பாலம்போல் நின்று, அடியில் வெற்றிடம் உண்டாகும். நீளமானவையும் தூளும் இதற்குக் காரணம். 6 மி.மீ. தடிமன், 40 மி.மீ.க்கு மிகாத நீளம், 10 சதவீதத்துக்குக் குறைந்த ஈரம் உள்ளதாக வாங்குங்கள். நல்ல பெல்லட்டை முறித்தால் 'படக்' என்று ஒடியும்.

அதிவெப்ப சுவிட்ச் தட்டியிருந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும். ஆனால் அறைக்குச் சூடு தள்ளும் ஃபேனின் தூசியை எடுக்காவிட்டால் மறுபடியும் தட்டும்.

எந்த சுவிட்சையும் ஒயரால் குறுக்கிட்டு இணைத்தபடியே ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரலாம். அதற்கான அலாரம் கட்டாயம் இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்தபின்தான் போர்டு. தொட்டியிலிருந்து பெல்லட்டைத் தள்ளும் திருகின் மோட்டாருக்கு மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வரும். எனவே மல்டிமீட்டரை ஓரிரு நிமிடம் வைத்துப் பாருங்கள். மின்சாரம் வந்தும் திருகு சுழலாவிட்டால் அடைப்பு அல்லது மோட்டார். எல்லா சுவிட்சும் சரியாக இருந்தும் மின்சாரமே வராவிட்டால் போர்டை மாற்றலாம்.