ஈறில் ரத்தமா? பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடாதீர்கள்

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால், "புண்ணாகியிருக்கும், நாலு நாள் தொட வேண்டாம்" என்று அந்தப் பக்கத்தையே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தொந்தரவு அதனால்தான் கூடுகிறது.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று உண்டு. நன்றாக இருக்கும் ஈறிலும் ரத்த வெள்ளை அணுக்கள் அதற்குள் ஓயாமல் வந்து, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களை அளவோடு வைத்திருக்கும். பல்லில் அழுக்குப் படலம் தடிக்கத் தடிக்க அணுக்கள் மேலும் குவியும், ரத்தக் குழாய்கள் விரியும், ஈறு சிவந்து உப்பும். பிரஷ் லேசாகப் பட்டாலே கசிவது பெரும்பாலும் இதனால்தான்.

1965-இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது!

மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள். இரவில் கட்டாயம். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும், அதோடு வரும் கிருமி எதிர்ப்புப் புரதங்களும் குறையும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

அப்புறம், புகைப்பவர்கள் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். புகை அந்தக் கசிவை மறைத்துவிடும். யாருக்கானாலும், நன்றாகத் துலக்கியும் ரத்தம் இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.